ஆற்றுத் தலைவாயில் மண் சேராமல் காப்பது எப்படி?

ஊருக்குத் திரும்பிய குடும்பங்களோடு பேசும்போது இரண்டு கேள்விகள் தவறாமல் வருகின்றன. கூரை எப்போது போடலாம்? தண்ணீர் எங்கே எடுக்கலாம்? கூரையைப் பற்றி இந்தக் கைநூலின் வேறு பக்கங்களில் எழுதியிருக்கிறோம். இந்தப் பகுதி தண்ணீரைப் பற்றியது. ஆறு ஓடுகிறது, ஆனால் வாய்க்காலுக்குத் தண்ணீர் வரவில்லை என்ற நிலைமையைப் பற்றியது.

நீங்கள் ஊரில் இல்லாத ஆண்டுகளிலும் ஆறு தன் வேலையை நிறுத்தவில்லை. ஒவ்வொரு மாரியிலும் வெள்ளம் வந்தது, மண் வந்தது. அதை வெட்டி எடுக்கத்தான் ஆளிருக்கவில்லை. 2008 நவம்பரில் நிஷா சூறாவளி வடக்கில் கொட்டிய மழையையும் அப்போது எழுந்த வெள்ளத்தையும் பலர் மறந்திருக்க மாட்டீர்கள். இன்று ஊருக்கு வந்து பார்த்தால் வாய்க்கால் இருந்த இடத்தில் புல்லும் நாணலும் நிற்கின்றன. துருசின் வாயை மணல் மூடியிருக்கிறது. காலபோகத்துக்கு நிலத்தைப் பண்படுத்த வேண்டிய நேரத்தில் இது சிறிய பிரச்சினை அல்ல.

ஆற்றிலிருந்து வாய்க்காலோ குழாயோ தண்ணீரை எடுக்கத் தொடங்கும் இடத்தை இங்கே தலைவாய் என்று சொல்கிறோம். அங்கே மண் ஏன் சேருகிறது, அதை எப்படிக் குறைக்கலாம், சேர்ந்த மண்ணைப் பாதுகாப்பாக எப்படி எடுக்கலாம் என்பவற்றைப் பார்ப்போம்.

முதலில் ஓர் எச்சரிக்கை

தலைவாயையோ வாய்க்காலையோ துப்புரவு செய்ய மண்வெட்டியை எடுக்கும் முன் ஒன்றை உறுதிப்படுத்திக் கொள்ளுங்கள். அந்த இடம் மிதிவெடி அகற்றப்பட்டு, பாவனைக்குக் கையளிக்கப்பட்ட இடமா? உங்கள் கிராம அலுவலரிடம் கேளுங்கள். "பக்கத்துக் காணிக்கு விட்டார்கள்தானே" என்ற நம்பிக்கை போதாது. காணிக்குக் கிடைத்த அனுமதி ஆற்றங்கரைக்கும் வாய்க்கால் கட்டுக்கும் பொருந்தும் என்று எண்ணிவிடக் கூடாது.

வெள்ளம் மண்ணை மட்டும் கொண்டு வருவதில்லை. வெடிபொருட்களையும் இடம்பெயர்த்து, வேறோர் இடத்தில் வண்டலுக்குள் புதைத்துவிடலாம். ஆகவே துப்புரவு செய்த இடமானாலும், பெரிய வெள்ளத்துக்குப் பின் கவனம் தேவை. சந்தேகமான பொருள் எதையாவது கண்டால் தொடாதீர்கள், மண்வெட்டியால் தட்டிப் பார்க்காதீர்கள். வேலையை நிறுத்தி, வந்த வழியிலேயே திரும்புங்கள். மற்றவர்கள் போகாதபடி தள்ளி நின்று ஓர் அடையாளம் வையுங்கள். கிராம அலுவலருக்கோ பொலிசுக்கோ மிதிவெடி அகற்றும் பிரிவினருக்கோ உடனே அறிவியுங்கள். ஒரு போகம் பிந்தினால் அடுத்த போகம் வரும். கால் போனால் வராது.

மண் எங்கிருந்து வருகிறது?

வடக்கில் ஓடும் ஆறுகள் பெரும்பாலும் மாரிகால ஆறுகள். மன்னார்ப் பக்கத்து அருவியாற்றை எடுத்துக்கொள்வோம். சிங்களத்தில் மல்வத்து ஓயா என்று அழைக்கப்படும் இந்த ஆறு 164 கிலோமீற்றர் நீளமானது. மகாவலிக்கு அடுத்ததாக இலங்கையின் இரண்டாவது நீளமான ஆறு இதுதான். அநுராதபுரப் பக்கத்து வயல்கள், சேனைகள், காடுகள், குளங்கள் எல்லாவற்றையும் கடந்து அது எங்களிடம் வருகிறது. வரும் வழியில் வெறுமையாகக் கிடக்கும் நிலத்தை மழை கழுவும்போது அந்த மண்ணும் சேர்ந்தே வருகிறது. ஆற்றங்கரை இடிந்து விழும்போது அந்த மண்ணும் சேர்கிறது.

கோடை முழுவதும் காய்ந்து கிடந்த நிலத்தில் ஐப்பசி, கார்த்திகையில் விழும் முதல் பெருமழைதான் அதிக மண்ணை அடித்து வரும். அந்த முதல் வெள்ளத்தின் நிறத்தைப் பார்த்தாலே இது விளங்கும்.

ஏன் தலைவாயிலேயே வந்து நிற்கிறது?

தண்ணீர் வேகமாக ஓடும்போது மண்ணைச் சுமக்கும். வேகம் குறைந்தால் சுமையை இறக்கிவிடும். இந்த ஒரு விதி விளங்கினால் மற்ற எல்லாம் விளங்கும்.

அணைக்கட்டுக்கு முன்னால் தண்ணீர் தேங்குகிறது, அதனால் மண் படிகிறது. ஆற்றிலிருந்து வாய்க்காலுக்குள் திரும்பும் இடத்தில் வேகம் குறைகிறது, அங்கும் படிகிறது. வாய்க்காலில் புல் வளர்ந்திருந்தால் தண்ணீர் இன்னும் மெதுவாகும், இன்னும் படியும். படிந்த மண்ணில் மேலும் புல் வளரும். இப்படியே இரண்டு மூன்று மாரியில் வாய்க்கால் தூர்ந்துவிடுகிறது.

எல்லா மண்ணும் ஒரே மாதிரிப் படிவதில்லை. அசையாத நீரில் 0.2 மில்லிமீற்றர் அளவான குருமணல் 1 மீற்றர் ஆழம் இறங்க 1 நிமிடம்கூட எடுக்காது. அதில் பத்தில் ஒரு பங்கு பருமனான வண்டலுக்கு முக்கால் மணித்தியாலம் அளவில் வேண்டும். நுண்ணிய களிக்கு இரண்டு மூன்று நாட்கள் தேவைப்படும்.

உங்கள் ஆற்றில் என்ன வருகிறது என்று நீங்களே பார்க்கலாம். வெள்ள நாளில், கரையில் பாதுகாப்பாக நின்று, கயிறு கட்டிய வாளியால் தண்ணீர் அள்ளி ஒரு கண்ணாடிப் போத்தலில் நிரப்புங்கள். நன்றாகக் குலுக்கி, அசையாத இடத்தில் வையுங்கள். 1 நிமிடத்தில் அடியில் விழுவது மணல். 1 மணித்தியாலத்தில் அதன்மேல் படிவது வண்டல். மறுநாளும் கலங்கலாகவே நின்றால் அது களி. மணல்தான் அதிகமென்றால் சிறிய மண்படி தொட்டியே போதும். களி அதிகமென்றால் தொட்டி கட்டி அதைப் பிடிக்க முடியாது. அப்படியான நாட்களில் தண்ணீர் எடுக்காமல் விடுவதே வழி.

மண் வருவதை நாங்கள் நிறுத்த முடியாது. அது எங்கே படியவேண்டும், எங்கே படியக்கூடாது என்பதை ஓரளவுக்குத் தீர்மானிக்க முடியும். இனி வரும் யோசனைகள் எல்லாம் அதற்குத்தான்.

ஆற்றின் வளைவைப் பாருங்கள்

புதிதாகத் தண்ணீர் எடுக்க இடம் தேடுபவர்கள் கரையோரமாக நடந்து ஆற்றின் வளைவுகளைக் கவனியுங்கள். வளைவின் உட்பக்கத்தில் மணல்திட்டு இருக்கும். வெளிப்பக்கத்தில் ஆழமாகவும் கரை செங்குத்தாகவும் இருக்கும். உட்பக்கத்தில் தண்ணீர் மெதுவாக ஓடி மணலை இறக்கிவிடுகிறது. வெளிப்பக்கத்தில் வேகமாக ஓடி அடியைக் கழுவிச் செல்கிறது.

தலைவாய் வெளிப்பக்கத்தில், வளைவின் நடுப்பகுதியைச் சற்றுத் தாண்டி இருப்பது நல்லது. ஆனால் அந்தக் கரை வெள்ளத்தில் இடியக்கூடியது. வேரூன்றிய மருதமரங்கள் நிற்கும் உறுதியான கரையாகப் பாருங்கள். வெறும் மண்கரையானால் கல் அடுக்கிப் பாதுகாக்க வேண்டிவரும்.

நாங்கள் போன ஓர் ஊரில் சில குடும்பங்களுக்குப் பொதுவாக ஒரு நீர்ப்பம்பி கிடைத்திருந்தது. இறங்கி ஏறச் சுலபம் என்று மணல்திட்டுப் பக்கத்திலேயே குழாயைப் போட்டார்கள். அந்த மாரி முடியும் முன்பே பம்பி தண்ணீர் இழுப்பதை நிறுத்திவிட்டது. கழற்றிப் பார்த்தபோது உள்ளே சுழலும் தகட்டை மணல் தேய்த்திருந்தது. திருத்தச் செலவுக்குக் காசு சேர்ப்பதில் குடும்பங்களுக்குள் மனத்தாங்கலும் வந்தது. அதே பம்பியை எதிர்ப்பக்கத்துக் கரையில் வைத்திருந்தால், நடை கொஞ்சம் கூடியிருக்கும். பம்பி மிஞ்சியிருக்கும்.

அணைக்கட்டு உள்ள இடங்களில்

அருவியாற்றின் குறுக்கே உள்ள தேக்கம் அணைக்கட்டிலிருந்துதான் கட்டுக்கரைக்குளத்துக்குத் தண்ணீர் திருப்பப்படுகிறது. முசலிப் பக்கத்து அகத்திமுறிப்புக் குளத்துக்கும் அங்கிருந்தே தண்ணீர் போகிறது. இப்படியான இடங்களில் தலைவாய் அடைபட்டால் குளம் நிறையாது. குளம் நிறையாவிட்டால் அதன் கீழுள்ள வயல்கள் எல்லாவற்றுக்கும் பாதிப்பு.

அணைக்கட்டில் தண்ணீர் எடுக்கும்போது பொதுவாக இரண்டு வகைக் கதவுகள் தேவை. ஒன்று வாய்க்காலுக்குத் தண்ணீர் விடும் கதவு. மற்றது அதன் பக்கத்திலேயே, தாழ்வாக, ஆற்றுக்குள்ளேயே தண்ணீரைத் திருப்பிவிடும் கதவு. இதை மண்கழுவும் கதவு என்று சொல்லலாம். வாய்க்கால் கதவின் படி ஆற்றின் அடியைவிட உயரமாக இருக்கும். பாரமான மணல் அடியோடு உருண்டு வருவதால், உயர்ந்த படியைத் தாண்டி அது எளிதில் உள்ளே வராது. மண்கழுவும் கதவு திறக்கும்போது வாய்க்கால் வாயில் குவிந்த மணலைத் தண்ணீரே இழுத்துச் சென்றுவிடும்.

கதவுகளைப் பயன்படுத்தும் ஒழுங்கு இதுதான்:

1. முதல் வெள்ளம் கலங்கலாக வரும்போது வாய்க்கால் கதவை மூட வேண்டும். மண்கழுவும் கதவைத் திறக்க வேண்டும்.
2. வெள்ளத்தின் உச்சம் தாண்டி நீர் தெளியத் தொடங்கியதும் மண்கழுவும் கதவை மூடி, வாய்க்கால் கதவைத் திறக்க வேண்டும்.
3. மாரி முழுவதும், ஆற்றில் மேலதிகமாகத் தண்ணீர் போகும் நாட்களில், இடைக்கிடை மண்கழுவும் கதவைத் திறந்துவிட வேண்டும். மண் இறுகிய பின் தண்ணீரால் அதை அசைப்பது கடினம்.

பெரிய, நடுத்தர நீர்ப்பாசனத் திட்டங்களின் கதவுகளை நீர்ப்பாசனத் திணைக்களத்தினரே இயக்குவார்கள். நீங்களாகத் திறக்கவோ மூடவோ வேண்டாம். கதவு துருப்பிடித்து அசையாமல் இருந்தால், திருகாணி காணாமல் போயிருந்தால், அதை எழுத்தில் அறிவியுங்கள். 80 ஹெக்டயருக்குக் குறைந்த நிலத்துக்கு நீர் பாய்ச்சும் சிறிய குளங்களும் அணைக்கட்டுகளும் கமநல அபிவிருத்தித் திணைக்களத்தின் பொறுப்பில் வருகின்றன. அவற்றுக்குக் கமநல சேவை நிலையத்தை நாடுங்கள். அங்கே கதவுப் பொறுப்பைக் கமக்காரர் அமைப்பு ஒருவரிடம் ஒப்படைப்பது வழக்கம். யார் அந்த ஆள், திறப்பு யாரிடம் இருக்கிறது என்பதை மாரிக்கு முன் கூட்டத்தில் தீர்மானித்து விடுங்கள். நள்ளிரவில் வெள்ளம் வரும்போது திறப்பைத் தேடிக்கொண்டு நிற்கக் கூடாது.

நீர்ப்பம்பி வைத்திருப்பவர்களுக்கு

உறிஞ்சு குழாயின் முனையை ஆற்றின் அடியில் கிடக்க விடாதீர்கள். அடியிலிருந்து குறைந்தது 1 அடி உயரத்திலும், நீர்மட்டத்துக்கு 1 அடி கீழேயும் நிற்கும்படி தடியிலோ மிதவையிலோ கட்டுங்கள். முனைக்குச் சல்லடை மூடி கட்டாயம் வேண்டும். துளையிட்ட பிளாஸ்ரிக் பரலுக்குள் முனையை வைத்து, பரலைச் சுற்றிச் சிறுகல் போட்டால் சருகும் பருமணலும் வெளியே நின்றுவிடும்.

இயலுமானால் பம்பிக்கு முன் ஒரு மண்படி தொட்டி அமையுங்கள். ஆற்றிலிருந்து சிறிய வாய்க்கால் அல்லது குழாய் வழியாகத் தண்ணீர் தொட்டியின் ஒரு தலைப்பில் மெதுவாக நுழைய வேண்டும். பம்பி மற்றத் தலைப்பிலிருந்து இழுக்க வேண்டும். 2 அங்குலப் பம்பி விநாடிக்குச் சுமார் 10 லீற்றர் இழுக்கும் என்று வைத்துக்கொள்வோம். 4 அடி அகலம், 10 அடி நீளம், 3 அடி நீர் ஆழம் உள்ள தொட்டியில் தண்ணீர் 5 நிமிடத்துக்கு மேல் தங்கும். குருமணலும் பருமனான வண்டலும் படிய அது போதும். படியும் மண்ணுக்காக இன்னும் 1 அடி ஆழமாக வெட்டுங்கள். கோடையில் ஆற்று மட்டம் இறங்கும் என்பதையும் எண்ணி அடிமட்டத்தைத் தீர்மானியுங்கள்.

தொட்டியில் அளவுக்கோல் ஒன்றை நட்டு வையுங்கள். மண் அந்த 1 அடியை எட்டியதும் அள்ளிவிட வேண்டும். அள்ளாத தொட்டி வெறும் பள்ளம்தான். சுற்றிவர வேலி போடுங்கள். சிறு பிள்ளைகளுக்கு 4 அடித் தண்ணீர் ஆபத்தானது. வெள்ள எச்சரிக்கை வந்தால் பம்பியைக் கழற்றி மேட்டுக்குக் கொண்டுபோங்கள்.

ஆற்றுக்குள் நேரடியாகக் குழாய் போடாமல், கரையில் இருந்து சற்றுத் தள்ளிக் கிணறு வெட்டுவதும் நல்ல வழி. மணல் பாங்கான கரையானால் ஆற்று நீர் மணலுக்குள்ளால் ஊறி, தெளிந்து கிணற்றுக்கு வரும். கோடையில் வற்றிய ஆற்றில் ஊற்றுத் தோண்டித் தண்ணீர் எடுத்த அநுபவம் எங்கள் ஆட்களுக்கு உண்டு. அதே முறைதான் இது.

சிரமதானம்: மண்ணை எடுக்கும் முறை

மாரிக்கு முன், ஆவணி புரட்டாதியில், தண்ணீர் குறைந்திருக்கும் நேரம் இதற்கு ஏற்றது. நேரத்துக்கு வெட்டினால் ஒரு நாள் சிரமதானத்தில் முடியும் வேலை, பிந்தினால் இயந்திரம் கேட்டு அலைய வேண்டியதாகிவிடும்.

• வாய்க்காலின் கீழ்த் தலைப்பிலிருந்து தொடங்கி மேல்நோக்கி வெட்டி வாருங்கள். அப்போதுதான் தேங்கிய நீர் வடிந்துபோகும்.
• துருசின் அடிமட்டத்தைத் தேடிப் பிடித்து, அந்த மட்டத்துக்கு மேல் உள்ளதை மட்டும் எடுங்கள். அதற்குக் கீழே ஆழமாக வெட்டினால் தண்ணீர் அங்கே தேங்கும், மண் மறுபடியும் விரைவாகச் சேரும், கட்டும் சரியலாம்.
• வெட்டிய மண்ணை வாய்க்கால் விளிம்பில் குவிக்காதீர்கள். முதல் மழையே அதைத் திரும்ப உள்ளே தள்ளிவிடும். 5, 6 அடி தள்ளிப் போட்டு மட்டப்படுத்துங்கள். நல்ல வண்டலானால் வீட்டுத் தோட்டத்துக்கு எடுத்துச் செல்லலாம். பழைய இரும்பு, கம்பி, கண்ணாடி கலந்திருக்கிறதா என்று பாருங்கள்.
• ஆழமான இடத்தில் செங்குத்தாக வெட்டி அதற்குக் கீழே நிற்க வேண்டாம். பக்கங்களைச் சரிவாக வெட்டுங்கள்.
• ஆற்றிலும் குளத்திலும் முதலை இருக்கும் இடங்களை ஊரார் அறிவார்கள். தனியாக இறங்காதீர்கள், இருட்டில் இறங்காதீர்கள்.
• காலில் கையில் காயம் இருந்தால் சேற்றில் இறங்க வேண்டாம். எலிக்காய்ச்சல் கிருமி சேற்று நீரிலிருந்து காயத்தின் வழியாக உடலுக்குள் போகும். சேற்று வேலை செய்த சில நாட்களில் கடும் காய்ச்சலும் தசை நோவும் வந்தால் உடனே வைத்தியசாலைக்குப் போய், சேற்றில் வேலை செய்ததையும் சொல்லுங்கள். முற்காப்பு மருந்து பற்றிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் கேட்கலாம்.

குடும்பத் தலைவியாக இருந்து தனியே குடும்பத்தைக் கொண்டு நடத்தும் பெண்களும், முதியவர்களும், மாற்றுத்திறனாளிகளும் உங்கள் ஊரில் இருப்பார்கள். மண்வெட்டி பிடிக்க முடியாதவர்களுக்குத் தண்ணீரிலும் பங்கில்லை என்று ஆகிவிடக் கூடாது. தேநீர் கொடுப்பதும், பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வதும், வரவுப் பதிவு எழுதுவதும் சிரமதானத்தின் பங்குதான். இதைக் கூட்டத்தில் முன்கூட்டியே பேசி முடிவெடுங்கள்.

கரையைக் காத்தால் வாய்க்காலும் காக்கப்படும்

பழைய குளங்களின் அலைகரைப் பக்கத்தில் மரக்கூட்டமும் புல்லும் விடப்பட்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். மேலிருந்து வரும் மண்ணைக் குளத்துக்குப் போகுமுன் பிடித்து வைப்பவை அவை. விறகுக்கும் கதியாலுக்கும் அவற்றை வெட்ட வேண்டாம். ஆற்றங்கரையில் வெறுமையான இடங்களில் வெட்டிவேர், மூங்கில் போன்றவற்றை நடலாம். மாடுகள் தண்ணீர் குடிக்க இறங்கும் வழியைத் தலைவாய்க்குக் கீழே, ஒரே இடமாக ஒதுக்குங்கள்.

வீடு கட்ட மணல் தேவைதான். ஆனால் தலைவாய்க்குப் பக்கத்தில் மணல் அள்ளினால் ஆற்றின் அடி இறங்கும், கரை இடியும். ஆறு தாழ்ந்துபோனால் வாய்க்கால் மேட்டில் நிற்கும். ஆற்றில் மணல் அகழப் புவிச்சரிதவியல் அளவை, சுரங்கங்கள் பணியகத்தின் அனுமதி வேண்டும். அனுமதியின்றி லொறிகளில் மணல் போவதைக் கண்டால் தனியாகத் தடுக்கப் போகாமல், கமக்காரர் அமைப்பு மூலம் பிரதேச செயலகத்துக்கு அறிவியுங்கள்.

தெளிந்த நீர் எல்லாம் குடிநீர் அல்ல

மண் படிந்ததும் தண்ணீர் தெளிவாகத் தெரியும். அதனால் அது சுத்தமாகிவிடாது. தேற்றாங்கொட்டையை உரைத்துக் கலக்கித் தண்ணீரைத் தெளிய வைப்பது எங்கள் பாட்டிமார் அறிந்த முறை. கலங்கலை அடியில் படிய வைக்க அது உதவும். ஆனால் நோய்க்கிருமிகள் எல்லாவற்றையும் அது நீக்காது. தெளிந்த நீரைத் துப்பரவான துணியில் வடித்து, கொதிக்க வைத்து, குமிழி நன்றாக எழுந்த பின்னும் குறைந்தது 1 நிமிடம் கொதிக்க விட்டு, மூடி ஆறவைத்துக் குடியுங்கள். குளோரீன் குளிசை பாவிப்பவர்களும் முதலில் தெளிய வைக்க வேண்டும். கலங்கல் நீரில் குளோரீன் சரியாக வேலை செய்யாது.

ஆண்டுக்கொரு ஒழுங்கு

ஆவணி, புரட்டாதி: பாதுகாப்பை உறுதிசெய்து வாய்க்காலையும் தலைவாயையும் துப்புரவு செய்தல், கதவுகளுக்குக் கிறீஸ் பூசுதல், திறப்புப் பொறுப்பைத் தீர்மானித்தல்.

ஐப்பசி முதல் மார்கழி வரை: முதல் வெள்ளத்தில் வாய்க்கால் கதவை மூடுதல், இடைக்கிடை மண்ணைக் கழுவி விடுதல், மண்படி தொட்டியை அள்ளுதல்.

தை, மாசி: வெள்ளம் வடிந்த பின் கரையைச் சுற்றிப் பார்த்து, இடிந்த இடங்களைக் குறித்துத் திணைக்களத்துக்கு எழுதுதல்.

சித்திரை முதல் ஆடி வரை: சிறுபோகத்துக்குத் தண்ணீரைப் பங்கிடுதல், அடுத்த மாரிக்கான சிறு நிதியைச் சேர்த்தல்.

கடிதம் எழுதும்போது இடத்தின் பெயர், பழுதின் விபரம், பாதிக்கப்படும் குடும்பங்களின் எண்ணிக்கை, வயலின் அளவு ஆகியவற்றைக் குறிப்பிடுங்கள். ஒரு பிரதியைக் கமக்காரர் அமைப்பின் கோவையில் வைத்திருங்கள். அதிகாரி மாறிப் போனாலும் கடிதம் இருக்கும்.

மண் அடுத்த மாரியிலும் வரும். இந்த முறை அதை வெட்டி எடுக்க ஊரில் நீங்கள் இருக்கிறீர்கள்.